அரைக்காமல் வைத்த சேலைகள்

ஜூன் 11, செவ்வாய்

பாலில் இன்றும் தண்ணீர். கேட்டால் பால்காரர், மழைக்காலத்தில் மாடு அப்படித்தான் கறக்கும் என்பார். அதனால் கேட்கவில்லை.

காகிதக் கூழ் அரைக்கும் மிஷினுக்கு மோட்டார் காயில் கட்டி வந்திருக்கிறது. புதுக் கம்பி என்று சொல்லிப் பழையதையே சுற்றியிருப்பார்கள். ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் ஒருவர் வந்தார். பெயர் நாச்சிமுத்து. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பட்டறைக்குள் வராமல் வாசல் தகரத்துக்குக் கீழேயே நின்றார். கண் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பறையில் தொங்கும், நான் காகிதத்தில் செய்த குளவிக்கூட்டைப் பார்த்தாராம்.

"அந்த மாதிரி ஒண்ணு வேணுமுங்க மேடம். ஆனா காகிதம் நீங்க போட வேண்டாம். சீலை நான் கொண்டாந்து தர்றேன். அத அரைச்சுச் செய்யோணும்."

"யார் சேலை?"

"எங்கூட்டுலதுங்க. அவுங்க... தவறிட்டாங்க."

பொள்ளாச்சிப் பக்கம் 'எங்கூட்டுல' என்றால் மனைவி. 'தவறிட்டாங்க' என்பதை, கடையில் செருப்புப் போட்டுப் பார்ப்பவர் மாதிரி சொன்னார், கடிக்கிறதா என்று. எப்போது என்று கேட்டேன். "கொஞ்ச நாளாச்சுங்க" என்றார். மனைவி இறந்த தேதி ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வேலை எப்படி நடக்கும் என்று விளக்கினேன். குளவி மரப்பட்டையைச் சுரண்டி மென்று கூடு கட்டுகிறது. மரத்துக்கு மரம் கூழின் நிறம் மாறும், அதனால் கூட்டின் மேல் வரி வரியாகத் தெரியும். நான் அதைத்தான் இடுப்பு உயரத்துக்குச் செய்கிறேன். மூங்கில் பிளாச்சில் சட்டம், அதன் மேல் தென்னம் பன்னாடை, அதற்கும் மேல் நானே போட்ட காகிதத்தை நாடாவாகக் கிழித்து ஒட்டுவது. ஒவ்வொரு சேலையையும் தனியாக அரைத்தால் ஒவ்வொன்றும் ஒரு வரியாக வரும்.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அரைச்சதுக்கப்புறம் இது இன்னாரு சீலைன்னு யாராச்சும் கண்டுபுடிக்க முடியுமுங்களா?"

"நிறம் இருக்கும். சேலை இருக்காது."

அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூன் 12, புதன்

மோட்டார் ஓடுகிறது. தொட்டால் சுடுகிறது. நான் நினைத்தது சரி.

ஜூன் 13, வியாழன்

நேற்று மாலை அவர் கொடுத்துவிட்டுப் போன சேலைகளைப் பிரித்தேன். எல்லாம் தினமும் கட்டுகிற பருத்தி. நெகமம், சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம். அரைப்பதற்கு முன்னால் ஃபால்ஸ் பிரித்து, ஜரிகை இருந்தால் வெட்டி எடுக்க வேண்டும். ஜரிகை மிஷின் பிளேடில் சுற்றிக்கொள்ளும்.

பச்சைச் சேலையில் ஃபால்ஸ் பாதிதான் தைத்திருக்கிறது. ஊசி அங்கேயே குத்தி நிற்கிறது, துரு இல்லை. வேறொன்றின் முந்தானையில் மஞ்சள் கறை, புதியது. பீரோவில் கிடந்த துணிக்கு இரச கற்பூர வாசனை வரும். இவற்றில் சோப்பும் வெயிலும்தான்.

ஒரு செய்தியைக் குறித்து வைக்கிறேன். தருமபுரிப் பக்கம் ஒருவர் இரண்டாவது கல்யாணத்துக்குப் பெண் கேட்டபோது, முதல் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் காமாலை வந்ததே இல்லை. இன்றைக்கும் அவளே கரண்ட் பில் கட்டுகிறாள். ஆண்கள் 'தவறிட்டாங்க' என்று சொல்வது டாக்டர் சர்டிபிகேட் அல்ல. அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

நாச்சிமுத்து மறுபடியும் வந்தார். காய்கறிப் பை. மேலே கொத்தமல்லிக் கட்டு, அதற்குக் கீழே சுரைக்காய், அதற்கும் கீழே சேலைகள். இறந்தவர் சேலையைச் சுரைக்காய்க்கு அடியில் ஏன் ஒளிக்க வேண்டும்? மொத்தமாகக் கொண்டு வராமல் ஏன் தவணை முறையில்?

டீ குடிக்கச் சொன்னேன். "இல்லீங்க, வீட்டுல யாரும் இல்ல, சீக்கிரம் போகோணும்" என்றார். யாரும் இல்லாத வீட்டுக்கு எதற்கு அவசரம்?

ஜூன் 25, செவ்வாய்

பழனாத்தாவிடம் வாயைக் கொடுத்துவிட்டேன். என் பட்டறையில் காகிதம் போடுகிறவள். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. நாச்சிமுத்து பையை வைத்துவிட்டுப் போனதும் என் பக்கத்தில் வந்தாள்.

"இந்தக் கொரல நான் கேட்டிருக்கேன் அம்மணி. முந்தி நீங்க கோயமுத்தூரு போயிருந்தப்ப இவருதான் போன் பண்ணாரு. 'சம்சாரத்தோட சீலைய அரைச்சுக் குடுப்பீங்களா'ன்னாரு. 'அந்தம்மா இருக்காங்களா, இல்லீங்களா? உசுரோட இருக்கறவங்க சீலையக் கிழிச்சு அரைக்கறதெல்லாம் ஆகாதுங்க, நாங்க தொட மாட்டோம்'னேன். டொக்குன்னு வெச்சுட்டாரு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க இதெல்லாம் நம்ப மாட்டீங்களே, திட்டுவீங்கன்னுதான்." குரலைத் தாழ்த்தினாள். "ஏனுங் அம்மணி, கொன்னு போட்டிருப்பாரோ?"

"போய்க் கூழைக் கலக்கு."

"நீங்க சிரிக்கலியே. அப்ப உங்களுக்கும் அப்படித்தான் தோணுது."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொலை செய்கிறவர் கொத்தமல்லி வாங்க மாட்டார். ஆனால் முதலில் போனில் மனைவி இறந்ததாக அவர் சொல்லவில்லை. இறந்தவர் சேலை என்றால்தான் வேலை நடக்கும் என்று தெரிந்த பிறகு மனைவி இறந்திருக்கிறார்.

ஜூன் 27, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். இந்தச் சேலைகளை அரைக்கப் போவதில்லை.

அரைத்த துணியைத் திரும்பத் துணியாக்க முடியாது. பீரோவில் சேலை இல்லாத பெண் வீட்டை விட்டு எங்கே போவாள்? கட்டிய சேலையோடு வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். அது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை.

திருப்பூரிலிருந்து வந்த பனியன் வெட்டுத்துணி பல நிறத்தில் மூட்டையாகக் கிடக்கிறது. சேலைகளின் நிறத்துக்குப் பொருத்தமாக அதிலிருந்து பொறுக்கி அரைப்பேன். கூழானபின் அவருக்கு வித்தியாசம் தெரியாது. சேலைகளை வெள்ளைத்தாளில் சுற்றி என் பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். உரியவள் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும்.

நேரே அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னும் நல்ல பொய்யாகச் சொல்வார்.

ஜூலை 2, செவ்வாய்

அவர் வந்தபோது அரக்கு நிறக் கூழ் தொட்டியில் இருந்தது. முதல் முறையாக உள்ளே வந்தார். கையை விடலாமா என்று கேட்டார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு கையைக் கூழில் விட்டார்.

"இது எந்தச் சீலைங்க மேடம்?"

"நெகமம். அரக்குச் சேலை."

"ஓ" என்றார். கையை எடுக்கவில்லை. பழனாத்தா சல்லடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றாள்.

எனக்கு அப்போது குறிப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 6, சனி

அவர் சொன்ன விலாசத்துக்குப் போனேன். உள்ளே போகவில்லை. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் தேவையில்லாத ஒரு தாளுக்கு ஜெராக்ஸ் எடுத்தேன். கொடியில் பெண்கள் அணியும் நைட்டிகள் காய்ந்தன. ஒரு சேலைகூட இல்லை. நாச்சிமுத்து வெளியே வந்து நைட்டிகளை எடுத்து உதறி மடித்தார். உள்ளேயிருந்து பெண் குரல் ஒன்று, கம்மலாக, "என்னுங்க, கேட்டுப் பக்கத்துல யாரு?" என்றது.

உயிரோடு இருக்கிறாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த கை வலித்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

சட்டம் கட்டி முடிந்தது. புளியங்கொட்டைப் பசையில் துளி மயில்துத்தம் கலந்தோம், பூச்சி வராமலிருக்க. அரக்கு, பச்சை, சந்தனம், மீண்டும் அரக்கு என்று நாடா ஒட்டுகிறோம். பார்க்க நன்றாகவே வருகிறது. இதுவரை செய்ததில் இதுதான் சிறந்தது என்றும் சொல்லலாம். யாருடையதும் அல்லாத துணியில்.

"சீலை அரைச்ச மாதிரியே தெரியலியே அம்மணி" என்றாள் பழனாத்தா. "பனியன் மூட்டைதான் வத்திப் போச்சு."

"உன் வேலையைப் பார்."

"பாத்ததுனாலதான கேக்கறேன்."

ஜூலை 16, செவ்வாய்

நீளமாக எழுத வேண்டும். கை ஓடவில்லை.

கூட்டை நானே கொண்டுவந்து மாட்டுவேன் என்று போனில் சொன்னேன். நாச்சிமுத்து மறுத்தார். கொக்கி சரியாக இல்லாவிட்டால் சட்டம் கோணிக்கொள்ளும் என்றேன். பிறகு, "வாங்க. வந்து பாத்துட்டு என்னத் தப்பா நெனைக்காதீங்க" என்றார். மினி ஆட்டோவில் கூட்டை நிற்க வைத்து, அதை அணைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவது எப்படி, போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்குமா என்று யோசித்தபடி.

முன்னறையிலேயே கட்டில். அதில் நைட்டி போட்டு, தோளில் துண்டு போர்த்திய பெண்மணி. தலைமுடி இப்போதுதான் முளைத்து வருகிறது. கை கால் எல்லாம் குச்சி. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"வாங்க அம்மணி. உங்களப் பாக்கோணும்னு எத்தன நாளாச் சொல்லிட்டிருக்கேன். இவரு கூட்டிட்டு வரவே மாட்டேங்கறாரு."

நான் நாச்சிமுத்துவைப் பார்த்தேன். அவர் சீலிங் கொக்கியைப் பார்த்தார்.

பெயர் தமயந்தி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். கண் ஆஸ்பத்திரியில் என் கூட்டைப் பார்த்தது அவர். கேட்டதும் அவர். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"எனக்கு மூணு நாத்தனாரு. நான் வந்து படுத்த அன்னிக்கே பெரியவ ராஜாமணி பீரோவத் தொறந்துட்டா. 'அண்ணி, அந்த அரக்குச் சீலை எனக்கு'ங்கறா. சின்னவ 'எனக்கு'ங்கறா. நான் இன்னும் இங்கதான் படுத்திருக்கேன், காது நல்லாக் கேக்குது. எக்ஸ்சேஞ்சுக் காதாக்கும் இது." மூச்சு வாங்கினார். "ஒருத்திக்கும் குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். எரிக்கவும் மனசில்ல. அதான் ஒண்ணொண்ணாக் காய்ப் பைக்குள்ள போட்டு வெளிய கொண்டு போங்கன்னு இவர வெரட்டினேன். தங்கச்சிகளுக்குத் தெரிஞ்சா இவரால ஒரு வார்த்தை பேச முடியாது. பொம்பளைகன்னாவே பயம். என்னத் தவிர."

"உன்னக் கண்டாலுந்தான்" என்றார் நாச்சிமுத்து.

கூட்டை மாட்டினோம். கட்டிலிலிருந்து கை எட்டும் உயரத்தில் வேண்டும் என்றார். ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு போனார்.

"இது நான் வேலைக்குச் சேந்தப்ப எங்கப்பா எடுத்தது. பாருங்க எவ்வளவு மெதுவா இருக்குது. நாளாக நாளாக பருத்தி இப்படி ஆயிரும். இது ஸ்ட்ரைக்குல உக்காந்தப்ப கட்டியிருந்தது. இந்தப் பச்சைக்கு ஃபால்ஸ் தச்சு முடிக்கல, அதுக்குள்ள ஆஸ்பத்திரி போயிட்டேன். பச்சை இவ்வளவு நல்லா வந்திருக்குதே!"

அந்தப் பச்சை ஏதோ ஒரு குழந்தைப் பனியன் ஆர்டரின் மிச்சம்.

கட்டிய கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

கேட் வரைக்கும் வந்த நாச்சிமுத்து குரலைத் தாழ்த்திப் பேசினார். "மன்னிச்சுக்கோங்க மேடம். உசுரோட இருக்கறவங்க சீலையத் தொட மாட்டோம்னு போன்ல சொன்னாங்க. அதான் அப்படிச் சொல்லிட்டேன். அவளுக்குத் தெரியாது." கேட்டின் கொண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டார். "என்னிக்கிருந்தாலும் அந்த வார்த்தைய நான் சொல்லித்தானுங்க ஆகோணும். தெரியாதவங்ககிட்ட ஒருக்காச் சொல்லிப் பாத்துட்டா அன்னிக்கு வாய் வருமோன்னு..."

ஜூலை 17, புதன்

யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஜூலை 18, வியாழன்

பனியனும் பருத்திதான். கூழில் இருப்பது செல்லுலோஸ். தாவரவியல் படித்தவளுக்கு ஒரு பருத்திக்கும் இன்னொரு பருத்திக்கும் நடுவில் தெய்வீக வித்தியாசம் எதுவும் இருக்க முடியாது. அவர் தடவிப் பார்த்து மகிழ்ந்துவிட்டார். அந்த மகிழ்ச்சியில் கலப்படம் இல்லை. சொல்லிக் கெடுப்பதைவிடச் சொல்லாமல் விடுவது நல்லது. இதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். வாதம் சரியாகத்தான் இருக்கிறது.

பீரோவின் அடித்தட்டைத் திறந்தால் சோப்பு வாசனை.

ஜூலை 19, வெள்ளி

போனேன். நாச்சிமுத்து மருந்துக் கடைக்குப் போகும் வரை காத்திருந்து சொன்னேன்.

அவர் சொன்ன பொய்யை மறைத்து, நான் செய்ததை மட்டும் சொல்ல வழி தேடினேன். அப்படி ஒரு வழி இல்லை. தமயந்தி இமைக்காமல் கேட்டார்.

"நான் செத்துட்டேன்னா சொன்னாரு?"

"ஆமாம்."

"எப்படிச் சொன்னாரு? சட்டுன்னு சொன்னாரா?"

"இல்லை. ரொம்பக் கஷ்டப்பட்டு."

கூட்டைப் பார்த்தார். அதைத் தொட்டுக்கொண்டிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அப்ப இதுல என்னோடது ஒண்ணுமே இல்ல."

"இல்லை. உங்கள் சேலையெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாமல் அவர் எடுத்து வருகிறார் என்று நினைத்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று..."

தமயந்தி துண்டைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

"இங்க வர்றவங்க எல்லாருமே நான் செத்தாப்புலதான் கண்ணு பேசறாங்க. 'இருந்தா'ங்கறாங்க, 'நல்லாச் சமைப்பா'ங்கறாங்க. அவரே சொல்லிப் பழகறாரு. நீ ஒருத்திதான், முன்னப்பின்ன தெரியாதவ, நான் உசுரோட இருக்கேன்னு அடிச்சு நம்பியிருக்கே." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "உனக்கு எப்படி அந்தச் சந்தேகம் வந்துச்சு?"

பதிலுக்கு என்னைப் பற்றி ஒன்று சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. மஞ்சள் காமாலை என்ற இடத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. மருந்தோடு வந்த நாச்சிமுத்து இருவரையும் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க வாங்க" என்றார் தமயந்தி. "செத்தவங்க ரெண்டு பேரு பேசிட்டிருக்கோம். காபி போடுங்க."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் தமயந்தி சிரிப்பை நிறுத்திவிட்டு, "பரவால்லீங்க. கிட்ட வாங்க" என்றார். நான் கூட்டின் கொக்கியைச் சரிபார்க்கப் போய்விட்டேன். அது சரியாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது தமயந்தி சொன்னது: "இது இங்கியே தொங்கட்டும். ராஜாமணி தெனமும் பாத்துப் பழகட்டும். நெசமானது வந்தா மாத்திரு, யாருக்கும் தெரியாது." கொஞ்சம் கழித்து, "சீக்கிரம் கண்ணு."

ஜூலை 20, சனி

பழனாத்தா சேலையைத் தொட மாட்டேன் என்றாள். எல்லாவற்றையும் சொன்ன பிறகும். "அந்தம்மா உசுரோட இருக்காங்கன்னு இப்பத்தான் நிச்சயமாத் தெரியுது. இப்பப் போயி நான் கிழிப்பேனா? நாளைக்கு ஒண்ணுன்னா நான் கிழிச்சதாலதான்னு ஆயிரும்."

வாதாடிப் பயனில்லை. போனைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"ஹலோ, பொள்ளாச்சி எக்ஸ்சேஞ்ச்."

பழனாத்தா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். "அம்மா, நான் பட்டறையில வேல செய்யற பழனாத்தா பேசறனுங்க. உங்க சீலைய அரைக்கச் சொல்றாங்க. எனக்குக் கையே வர மாட்டேங்குது."

"எந்த ஊருக்குங்க லைன் வேணும்?"

"லைனெல்லாம் வேண்டாமுங்க..."

"சும்மா சொன்னேன் ஆத்தா. பயப்படாம அரைங்க. போனதுக்கப்புறம் அரைச்சா எனக்கெப்படித் தெரியும்? இருக்கறப்ப அரைச்சாத்தான நான் பாக்க முடியும்?"

பழனாத்தா யோசித்தாள். "அதுவும் நெசந்தானுங்க" என்றாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மிஷினுக்கு ஒரு கற்பூரம் காட்டினாள். பிறகு கத்தரியை எடுத்தாள். நான் கற்பூரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

வெகு காலம் துவைத்துக் கட்டிய பருத்தி. மிஷினில் போட்டதும் கரைந்துவிடுகிறது. இழைக்குப் பலமில்லை, தாளைத் தூக்கினால் கிழிந்து கையோடு வருகிறது. கொஞ்சம் வாழை நார் சேர்த்தால்தான் நிற்கும். தமயந்தியிடம் போனில் கேட்டேன். "சேத்துக்கோ, நானும் இப்ப எதையாச்சும் புடிச்சுட்டுத்தான் நிக்கறேன்" என்றார்.

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேயாக வீசுகிறது. தாள்கள் சீக்கிரம் காய்கின்றன, பாதி பறந்து பக்கத்துத் தோப்புக்குப் போகின்றன. பழனாத்தா தென்னை மரங்களுக்கு நடுவில் ஓடி ஓடிப் பொறுக்குகிறாள்.

ஜூலை 27, சனி

போனை நாச்சிமுத்துதான் எடுத்தார். தமயந்தி தூங்குகிறார் என்றார். நேற்றும் அப்படித்தான் சொன்னார். நம்பவில்லை. பிறகு பின்னணியில் அந்த இருமலைக் கேட்டேன்.

நிறங்கள் பனியனைப் போல எடுப்பாக இல்லை. அரக்கு, பழைய செங்கல் மாதிரி இருக்கிறது. பச்சை கிட்டத்தட்டச் சாம்பல். கண்காட்சிக்கு அனுப்பினால் முதல் கூட்டைத்தான் எடுப்பார்கள்.

ஜூலை 30, செவ்வாய்

உள் அடுக்கு முழுதும் காயவில்லை. காயாமல் மாட்டக் கூடாது. மாட்டினேன்.

தமயந்தி பேசும் நிலையில் இல்லை என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார். கையை எடுத்துக் கூட்டின் மேல் வைத்தோம். விரல்கள் சற்று நேரம் சும்மா இருந்தன. பிறகு நகர்ந்தன. சந்தன வரியில் நின்றன. கண்ணைத் திறந்தார்.

"இது..." என்றார். குனிந்து கேட்டேன். "இது எனக்குப் புடிக்கவே புடிக்காத சீலை. இதையுமா கொண்டு போனாரு?"

"நல்லா இருக்கும்னுதான்..." என்றார் நாச்சிமுத்து.

"இருக்குது" என்றார். கையை எடுக்கவில்லை.

பழைய கூட்டை மினி ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தேன். பட்டறை மூலையில் நிற்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விடிந்ததும் நாச்சிமுத்து போன் செய்தார். "மேடம், எங்கூட்டுல" என்றார். மேலே சொல்ல வரவில்லை. நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

துக்கம் கேட்கப் போனேன். கட்டிலை எடுத்துவிட்டார்கள். முன்னறை நிறையப் பெண்கள். கூடு அங்கேயே, தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலைக்கு மேல் தொங்கியது.

உள்ளறையிலிருந்து சத்தம். பீரோக் கதவு அடித்துக்கொள்ளும் ஓசை. கனத்த உடம்புக்காரப் பெண்மணி ஒருவர் வெளியே வந்தார். ராஜாமணியாகத்தான் இருக்க வேண்டும்.

"அண்ணா, பீரோவுல பட்டு ரெண்டத் தவிர ஒண்ணுமே இல்லீங்களே! அத்தன காட்டனும் எங்க? வயிறெரிஞ்சு சொல்றேன், வெளியாளு யாரோ எடுத்திருக்காங்க." பார்வை அறையைச் சுற்றிவந்து என்மேல் நின்றது. "யாரு வந்து போயிட்டிருந்தாங்கன்னு அக்கம்பக்கம் சொல்லுச்சு."

நாச்சிமுத்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. மூடிக்கொண்டார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று ராஜாமணி என்னெதிரே வந்தார். "பாத்தாப் படிச்சவங்களாட்டம் இருக்கீங்க. அந்தப் பையக் கொஞ்சம் காட்டுங்க."

பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பையைத் திறந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடி, குடை, கைக்குட்டை. ராஜாமணி கைக்குட்டையைக்கூட எடுத்து உதறிப் பார்த்தார். முழுமையாகச் சோதிக்கிறவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

திருப்பித் தரும்போது அவர் தலை கூட்டில் இடித்தது. அண்ணாந்து பார்த்தார். அரக்கு வரியை நகத்தால் நெருடினார்.

"இது எதுல செஞ்சது?"

"வாழை நாருங்க."

"பாத்தாத் துணியாட்டம் இருக்குதே."

"கொஞ்சம் அப்படித் தெரியும்."

கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பதிலை எடை போட்டு, பத்தாது என்று கண்டுகொண்ட பார்வை.

"நீங்க எதையோ மறைக்கறீங்க."

"ஆமாங்க" என்றேன்.

அவர் நகம் அரக்கு வரியிலேயே நின்றது. சுவரோரத்தில் நாச்சிமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவரருகே ஓடினார்கள்.